டீக்கு எழுந்திருக்காத அன்று

நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறேன். தீபாவளி சீசனில் டீக்கு எழவே மாட்டேன். எழுந்து போகிறவர்களைச் சோம்பேறி என்று திட்டவும் செய்வேன்.

அன்று டீ மணி அடித்ததும், என் பக்கத்தில் மருந்து அடைக்கும் பாத்திமா அக்கா கூப்பிட்டார். "ஏ மேரி, வெளிய வந்து காலை நீட்டிட்டுப் போ. மருந்து எங்கனயும் ஓடிராது."

"நீங்க போங்கக்கா. உங்க பங்கையும் நானே பாத்துக்கிடுதேன்" என்றேன்.

பிறகு அடுத்த மருந்துத் தட்டை எடுக்கப் போனேன். இரண்டு காலும் மரத்துவிட்டன, எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே தட்டை இழுத்தேன். மருந்தைத் தூக்கத்தான் வேண்டும், உரசினால் தீப்பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லித் தருவது அது. ரப்பர் விரிப்பைத் தாண்டித் தட்டு சிமெண்டுத் தரையில் கரகரவென்றது. திரும்பி வந்திருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அசையாத. கைய எடு."

டீ குடித்துத் திரும்பியவர்களோடு அறையில் நான்கு பேர். அக்கா தட்டை மெதுவாகத் தூக்கி ரப்பர் விரிப்பின் மேல் வைத்தார்.

ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "எம் பங்கையும் பாத்திருப்பியேடி?"

இப்போதும் வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால் "தூக்கி வைங்க" என்று கத்துகிறேன். டீ மணி அடித்தால் முதலில் வெளியே போகிறவள் நான்தான். கால் விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்த பிறகே உள்ளே வருவேன். ஆர்டர் அவசரம் என்று போர்மேன் முறைத்தால், "அப்ப நீங்க வந்து தட்டைத் தூக்குங்க" என்று சொல்லிவிடுகிறேன்.