பொட்டு வைத்த சூரியத் தகடு

இத்தாலியில், போர்கோ வெக்கியோவில், சந்தைக்கு மேலே, கடைசி மாடி எங்கள் வீடு. வெயில் வாடகை கொடுக்காமல் எங்களோடு குடியிருக்கிறது. சென்ற கோடையில் இரண்டு வயது மகளுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மத்தியானம் படுக்க வைத்தால் சொறிந்து சொறிந்து அழுவாள். "அறையைக் குளிர்மையாக வைத்திருங்கள்" என்றார் மருத்துவர். எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள்.

ஏசி இருந்தது. அதோடு சோற்றுக் குக்கரையும் போட்டால் கீழ்த்தளத்து மீட்டரின் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய் அதைத் தூக்கிவிட வேண்டும். மேலே வரும்போது இருவரும் நனைந்திருப்போம்.

அப்போதுதான் சூரிய மின்சாரத்துக்கு அரசு உதவி தருகிறது என்று கேள்விப்பட்டு, கடதாசி வேலைகளுக்கு நாங்கள் வழக்கமாகப் போகும் உதவி அலுவலகத்துக்குப் போனேன். உதவி இரண்டு வகையாம். ஒன்று, தகடுகளை வாங்கிப் பூட்டினால் வருடாவருடம் வரியில் கழிப்பார்கள். கழிக்குமளவுக்கு வரி கட்டுகிறவராக இருந்தால் போதும். என் கணவர் மொண்டெல்லோவில் வேலை செய்யும் வீட்டுக்காரச் சின்யோரா அப்படித்தான் கூரை முழுக்கப் போட்டிருக்கிறார். ஓகஸ்டில் அவர் குளிர் தேடி மலைக்குப் போய்விடுவார். பூட்டிய வீட்டுக்குக் கூரை பொறுப்பாக மின்சாரம் தரும்.

மற்றது எங்களைப் போன்றோருக்கு: பல்கணிக் கம்பியில் தொங்கவிட ஒரே ஒரு தகடு, இலவசம். பூட்டியதும் படமெடுத்து அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்று சொல்லும்வரை இயக்கக் கூடாது.

தகடு வந்தது. பூட்ட வந்தவர் மேற்குப் பல்கணியில் நிமிர்த்தித் தொங்கவிட்டுப் போனார். உடனே கணவர் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் புதுச் சாமான் எதுவும் பொட்டில்லாமல் வேலை தொடங்கியதில்லை. துணி துவைக்கும் மெஷினுக்கும் வைத்தோம், அது இன்றுவரை ஓடுகிறது.

"இஞ்சேருங்கோ, படம் எடுத்தாப்பிறகு வைப்பமே?"

"வைச்சிட்டு எடுத்தா என்ன? வடிவாத்தானே இருக்கு. கவுண்மேந்தும் பாக்கட்டும்."

"ஏதும் பிழையெண்டு சொன்னா?"

"உமக்குப் பொட்டைக் கண்டாலும் பயம்."

நான் படித்தவள். விதிமுறைகளை இரண்டு தரம் வாசித்தேன். பொட்டு வைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. படத்தை அனுப்பினேன்.

பதில் அதிசயமாக விரைவில் வந்தது. தகட்டின் நடுவில் மஞ்சளும் சிவப்புமாக எரிகாயம் தெரிகிறது. ஆபத்து. நிபுணர் வந்து பார்க்கும்வரை இயக்க வேண்டாம். துடைத்துவிட்டு மறுபடி படம் அனுப்பினேன். முன்பிருந்த காயம் எங்கே போனது, தகட்டை மாற்றிவிட்டீர்களா, அதையும் நிபுணரே பார்ப்பார் என்றார்கள்.

பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உதவி அலுவலகத்துக்கு ஓடினேன். சந்தனம் என்றால் என்னவென்று அங்கிருந்த பெண்ணுக்கு விளக்கினேன்.

"அழகான வழக்கம், சின்யோரா. ஆனால் கணினியில் 'உடைந்தது', 'எரிந்தது', 'திருட்டுப் போனது' மூன்றுதான் இருக்கிறது. நான் எதைத் தெரிவுசெய்ய?"

'எரிந்தது' அப்படியே இருக்கட்டும் என்று வந்துவிட்டேன். நிபுணர் விடுமுறைக்குப் பிறகு வருவாராம். ஓகஸ்டில் இந்த நாட்டில் கடல் மட்டும்தான் திறந்திருக்கும்.

ஒரு மத்தியானம் மகளைக் காணவில்லை. கட்டிலுக்கடியில், குளியலறையில், எங்கும் இல்லை. பல்கணிக்கு ஓடினேன். தகட்டுக்குப் பின்னால், வெறும் தரையில், வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மேற்கு வெயில் முழுவதையும் தகடு வாங்கிக்கொண்டிருந்தது. தரை குளிர்ந்திருந்தது.

உடனே கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "அதுக்குள்ளை கரண்ட் இருக்குமோ? பிள்ளைக்கு அடிக்காதே?"

"கரண்ட் வந்தா நாங்கள் ஏனப்பா வேர்த்துக்கொண்டு இருக்கிறம்?"

ஆனாலும் வயரெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பாய் விரித்தேன். ஒவ்வொரு மத்தியானமும் அங்கேயே தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தேன். வேர்க்குரு அடங்கியது.

செப்டெம்பரில் நிபுணர் வந்தார். தகட்டை விரலால் தடவி, "எங்கே எரிந்தது?" என்றார். கணவர் குங்குமச் சிமிழை நீட்டினார். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, இயக்கலாம் என்றார். பிறகு பைக்குள்ளிருந்து தகட்டைக் கழற்றும் சாவியை எடுத்தார்.

"இந்தப் பக்கம் வீண். சமையலறைப் பல்கணி தெற்குப் பார்க்கிறது. அங்கே மாற்றிவிடுகிறேன், மின்சாரம் கூடுதலாக வரும்."

"அப்போது இந்த நிழல்?"

"நிழலா? அரசு நிழலுக்கு உதவி கொடுப்பதில்லை, சின்யோரா."

சொன்னதைச் செய்துதான் எனக்குப் பழக்கம். கணவர் வேறு தலையாட்டிக்கொண்டிருந்தார். கீழே பாயில் மகள் புரண்டு படுத்தாள்.

"இஞ்சையே இருக்கட்டும்" என்றேன் தமிழில். பிறகு இத்தாலியனிலும் சொன்னேன்.

மின்சாரம் கொஞ்சம்தான் வருகிறது. குக்கரைப் போட்டால் இப்போதும் சில நாள்களில் மீட்டர் விழுகிறது. கணவர் முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கும்போது, தெற்கே மாற்றியிருக்கலாமோ என்று நினைப்பேன். நினைத்துக்கொண்டே மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். வேர்க்கவில்லை.