அத்தையின் குழவிக்கல்

மழையில் நனைந்த குழவிக்கல்லில் வண்டல் வாசம் எழுந்தது.

மேட்டூர் அணை கட்டிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். மாதம் சித்திரை என்பது மட்டும் உறுதி. நீர் இறங்கியிருந்ததால் சிறுவனான நான் அத்தை, மாமாவோடு அணையின் ஏரித் தீவுக்கு நடந்தே போனேன். அது அத்தையின் மூழ்கிய ஊர் என்று அங்கேதான் அறிந்தேன். ஊரைக் காலிசெய்தபோது அம்மியை எடுத்தவர்கள் குழவியை அடுப்படியில் மறந்துவிட்டார்கள்.

கிணற்றடியிலிருந்து அடுப்படிக்குப் பதினெட்டு எட்டு என்பது அத்தையின் பழைய கணக்கு; அப்படியே நடந்து தோண்டினார். ஒன்றுமில்லை.

“வேற குழவி கொத்தித் தாரேன், வா புள்ள,” என்றார் மாமா.

“நான் மிதிச்ச அம்மிக்கு வேற குழவியா? சும்மா இருங்க. அப்பெல்லாம் இடுப்புல நெறகொடமில்லீங்க இருந்துச்சு?”

குடத்தில் ஏரித் தண்ணீரை நிரப்பி இடுப்பில் வைத்து, மறுபடி பதினெட்டு எட்டு நடந்தார். எட்டுகள் குறுகின. அங்கே தோண்டியதும் கல் தட்டியது.

மாமா குழவியைத் தோளில் சுமந்து வந்தார்.

“மிக்ஸி இருக்கே, இது எதுக்குப்பா?” என்றாள் இன்று என் மகள். நான் மழையில் நனைந்த கல்லை உள்ளே தூக்கி வைத்தேன்.