வெந்த முத்து

முத்து எங்கே, முத்து எங்கே என்று ஏன்டி என் உயிரை வாங்குகிறாய்? உன் தாத்தா படுக்கையில் கிடந்தபோது செல்போனில் எட்டிப் பார்த்தவள்தானே நீ? சரி, உட்கார். வெங்காயத்தை உரித்துக்கொண்டே கேள்.

அப்போது அவருக்குக் கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. திடீரென்று ஒரு நாள் மட்டிச் சிப்பிக் குழம்பு கேட்டார். தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி வந்து, மணலைக் கக்கட்டும் என்று உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஓடு வாய் திறக்கும்வரை வேகவைத்துக் குழம்பு வைத்தேன். இரண்டாவது கவளத்திலேயே 'கடக்'.

"இன்னாடி, கல்லைக் கொதிக்க வெச்சிகீற?"

"கீறதே நாலு பல்லு. அதுல உனுக்குக் கல்லு வேற மாட்டுதா?"

துப்பினார். பாதிப் பட்டாணி அளவில், வெள்ளையாக, உருண்டையாக ஒன்று. முத்து! தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

என் மூக்குத்தி கைவிட்டுப் போய்ப் பல வருஷம். துளை தூர்ந்துவிடாமல் துடைப்பக் குச்சியைச் செருகி வைத்திருந்தேன். "இத்த உன் மூக்குல பாத்துட்டுதான் போவேன்" என்று, சொல்லச் சொல்லக் கேட்காமல் படுக்கையை விட்டு எழுந்து ஆட்டோ பிடித்து, ஊரப்பாக்கத்தில் நகை செய்கிறவரிடம் போனார். திரும்பி வந்தபோது முகமே செத்துப்போயிருந்தது.

"வெந்து பூட்ச்சாம். மெருகு போச்சாம். ஓட்டை போட்டா ஒடஞ்சிடுமாம்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியும் குடிக்கவில்லை.

நான் குச்சியைப் பிடுங்கிப் போட்டேன். ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி, முத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு எதிரில் போய் நின்றேன்.

"இன்னாயா, எப்டி கீறேன்?"

உற்றுப் பார்த்தார். "மூக்குல மரு வந்தா மாதிரி கீற."

சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும், "கழட்டாத" என்றார். அவர் கண்ணை மூடும்வரை, எதிரில் போகும்போதெல்லாம் பருக்கையும் முத்துமாகத்தான் போனேன்.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். எல்லோரும் நான் அழுவதைப் பார்த்தார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. பிடி அரிசிக்குள் முத்தையும் வைத்து அவர் வாயில் போட்டேன். இந்த முறை 'கடக்' என்று சத்தம் வரவில்லை.

காரியம் முடிந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"அந்த முத்து இன்னா ஆச்சு, ஆயா?"

"அழுதுகினே தும்முனேன், சாக்கடைல பூட்ச்சு. வேணும்னா துடைப்பத்துல ஆளுக்கொரு குச்சி உருவிக்கினு போய்த் தேடுங்கடி" என்றேன்.