ஒன்பது சாண் அலுமாரி

கதவைத் திறந்ததும் முதலில் பனங்கட்டி மணக்கும்; மூக்கை இன்னும் உள்ளே நீட்டினால் நல்லெண்ணெய், அதற்கும் பின்னால் சீலையில் சுற்றிய கருவாடு. சமையலறையில் நின்ற எங்கள் அம்மாவின் "குசினி அலுமாரி" மணம் இந்த வரிசையில்தான் வரும், ஒருநாளும் மாறி வந்ததில்லை. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த எங்கள் ஊரின் பதினாறு வீடுகளிலும் நெல் வைக்க இடம் இருந்தது. ஆனால் சட்டிபானைக்கென்று ஓர் அலுமாரி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். வேப்பம் பலகை, கம்பிவலை அடித்த இரண்டு கதவுகள், எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய ஒரு கல்லுக்கிண்ணம்.

ஏழு வயதில் எனக்குக் "கூகைக்கட்டு" வந்து, இரண்டு கன்னமும் வீங்கி, பன்னிரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் கிடந்தேன். எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை. கூரைச் சலாகைகள் முப்பத்தெட்டு, கோழிகள் பதினொன்று. எல்லாம் எண்ணி முடிந்ததும் அலுமாரியைச் சாண் வைத்து அளந்தேன்: உயரம் ஒன்பது, அகலம் ஏழு, ஆழம் நான்கு. அந்தக் கணக்கை நான் மறந்ததே இல்லை. மறக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை வேறு இருந்தது. பிறகு நடந்ததெல்லாம் அந்தப் பெருமையால் வந்தது.

போர் முடிந்து எங்களை மீண்டும் ஊரில் குடியேற்றியபோது எனக்கு அறுபத்தெட்டு, அக்காவுக்கு எழுபத்திரண்டு. இருவருமே துணையை இழந்திருந்ததால் ஒரே வீட்டில் இருந்தோம். பழைய வீடு நின்ற இடத்தில் எருக்கலைக்கு நடுவே மூன்று கல்லுக்கிண்ணங்கள் கிடந்தன. நான்காவதை இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை. புதிதாகக் கட்டித் தந்த வீட்டுக் குசினியில் நான்கு சுவர்கள் இருந்தன, ஒரு தட்டுக்கூட இல்லை.

ஆனால் என்னைக் குடைந்தது அதுவல்ல. அக்கா ஏழு தரம் இடம்பெயர்ந்தவர். பாத்திரங்களை ஒன்பது உரப்பைகளில் போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் குசினி மூலையில் வைத்திருந்தார். ஒரு பானை, ஓர் அகப்பை, இரண்டு கோப்பைகள் தவிர எதையும் வெளியே எடுக்கவில்லை. கேட்டால், "அவிட்டால் திரும்பக் கட்டவேணும், தம்பி" என்பார். ஐந்து மாதமாகக் காலையில் கண் விழித்து அந்த ஒன்பதையும் எண்ணினேன். ஊருக்குத் திரும்பி வந்தவனைப் போல் அல்ல, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவனைப் போல இருந்தது எனக்கு.

அம்மாவின் அலுமாரியை அப்படியே செய்து வைத்தால் மூட்டைகளை அவிழ்ப்பீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"செய், பாப்பம்" என்றார்.

கிணற்றடியில் ஷெல் பட்டு விழுந்து கிடந்த வேம்பை அறுப்பித்தேன். பாலம் கடந்து மன்னார் பட்டினத்துக்குப் போய் கதவுக்கு ஆறு பிணைச்சல்களும் கம்பிவலையும் வாங்கி வந்தேன். மலைநாட்டிலிருந்து வந்து எங்கள் அயலில் குடியேறியிருந்த வேலுவுக்குத் தச்சுவேலை தெரியும். வெளியே மாரி மழை என்பதால் குசினிக்குள்ளேயே வைத்துச் செய்தோம். நான் சாண் போட்டுக் கோடு கீறினேன். வேலு அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, ஆழமே மூணு அடி வருதுங்களே. உள்ள ஆள் படுக்கலாம்" என்றார். என் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை, கோட்டில் அறுத்தால் போதும் என்று எரிந்து விழுந்தேன். அவரும் அந்தக் கோட்டிலேயே அறுத்தார். பதினேழு நாள் வேலை, இருநூற்றுப் பதினான்கு ஆணிகள்.

கடைசி நாள் அக்காவைக் கூப்பிட்டேன். கையை உயர்த்தி மேல்தட்டைத் தொடப் பார்த்தார், எட்டவில்லை.

"அம்மா மேல்தட்டிலை வைச்ச பனங்கட்டியை நான் பதினொரு வயசிலை நிண்டபடியே களவெடுத்தனான்" என்றார். "நீ இதை எந்தக் கையாலை அளந்தனி?"

என் கையை விரித்துப் பார்த்தேன். ஏழு வயதுச் சாண் அரையடி. இந்தச் சாண் முக்கால் அடி. எதையும் இரண்டு தரம் எண்ணிச் சரிபார்ப்பவன், அளந்த கை வளர்ந்துவிட்டதை மட்டும் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன். வேலு முகத்தைத் திருப்பிச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, கழற்றிச் சின்னதாக வெட்டித் தருவதாகச் சொன்னார். பதினேழு நாளும் வீண், மூட்டைகள் இனி அவிழப்போவதில்லை என்றே நினைத்தேன்.

அக்கா அலுமாரியையும் குசினி வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "இது கதவாலை வெளியிலை போகுமே?"

"எப்படித் திருப்பினாலும் போகாதுங்கம்மா. வாசல் ரெண்டரை அடிதான்."

"அப்ப வெட்ட வேண்டாம். உங்கடை கத்தியை இஞ்சை தாங்கோ."

முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, கயிற்றைச் சுருட்டிப் பத்திரப்படுத்துவதுதான் அக்காவின் வழக்கம். அன்று அவர் குந்தியிருந்து ஒன்பது மூட்டைக் கயிறுகளையும் அறுத்தார். நாங்கள் மூவரும் பாத்திரம் அடுக்கினோம். நூற்று முப்பத்தொரு சாமான்கள்; அப்படியும் அலுமாரி பாதிகூட நிறையவில்லை.

இப்போது எனக்கு எண்பது கடந்துவிட்டது. அலுமாரி நின்ற இடத்திலேயே நிற்கிறது, மூன்று கால்கள் கல்லுக்கிண்ணங்களிலும் ஒரு கால் மீன் அடைத்து வந்த ரின்னிலுமாக. மேல்தட்டுப் பனங்கட்டிக்காக அக்கா கதிரையில் ஏறுகிறார். விழுந்துவிடுவார் என்று நான் கத்துகிறேன், கேட்பதில்லை. அம்மாவின் அலுமாரியில் வந்த மண வரிசையும் இதில் இல்லை, கருவாடுதான் முந்திக்கொள்கிறது. உரப்பைகள் கோழித் தீவனத்துக்கும் சாணத்துக்குமாகப் போய்த் தீர்ந்துவிட்டன. காலையில் பழக்கத்தில் மூட்டைகள் இருந்த மூலையைப் பார்க்கிறேன். எண்ணத் தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிறது.