ஷிகெமியின் கோணல் கூரை

காலை ஏழு மணிக்கு, அரிசிக் குக்கர் கூவி ஓய்ந்த நேரத்தில் செய்தி வந்தது. ஷிகெமி போய்விட்டாள். தொலைபேசியில் பேசியது அவள் கணவர். "அழாதீங்க, தூக்கத்துலயே போயிட்டா" என்று அவர் என்னைத் தேற்றினார்.

கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த மேசை என்னுடையது. மியாசாகிக் கடலோரத்தில் எங்கள் ஊர்ப் பள்ளி அரங்குக்கு, மெல்லிய இரும்புக் குழாய்களை வலைபோலப் பின்னிக் கவிழ்த்த கூரை போட்டோம். நடுவில் ஒரு தூண் கிடையாது. புயலென்றால் ஊரே ஒதுங்கும் இடம் அது. அந்தக் கூரையைக் கணினியில் உருவாக்கி, காற்றாலும் நிலநடுக்கத்தாலும் உலுக்கிப் பார்ப்பது அவள் வேலை.

கணினிக் கூரை எதற்கும் மசியவில்லை. நாங்கள் கைதட்டினோம். அவள் முகம் சுளித்தாள்.

"இது ரொம்ப ஒழுங்கா இருக்கு. மனுஷன் கட்டினா இப்படியா வரும்?"

இத்தனை மெல்லிய கூரையில் விரலளவு கோணல்கூடப் பலத்தைக் குலைத்துவிடும். குழாய்களைப் பூட்டும்போதே சாரத்தில் ஏறி, அவை சேரும் ஒவ்வொரு முடிச்சும் வரைபடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதென்று அளந்தாள்.

"என்னம்மா, எங்க குத்தத்த எண்ண வந்தீங்களா?" என்றார் மேஸ்திரி ஓனோதெரா.

"இல்லண்ணே, குத்தத்தோடயே நிக்க வைக்க வந்தேன்."

"என் பொண்டாட்டியும் அதத்தான் பண்ணிட்டிருக்கா!"

அந்தக் கோணல்களையெல்லாம் ஏற்றியதும் கணினிக் கூரை மேற்கே குழிந்து விழுந்தது. அங்கே தடித்த குழாய்களை மாற்றிப் போட வைத்தாள்.

போன செப்டம்பரில், புயலுக்கு ஊரே அரங்குக்குள் ஒதுங்கியிருந்தபோது பூமி குலுங்கியது. நாங்களும் உள்ளேதான் இருந்தோம். அண்ணாந்து பார்த்தேன். மேற்கிலிருந்து ஓர் அலை கூரை முழுக்க மெல்ல ஓடியது. இரும்பு மூச்சு விடுவதை அன்றுதான் கண்டேன்.

தலைமையாசிரியர் குஸுமி ஓடிவந்தார். "எல்லாரையும் வெளிய போகச் சொல்லவாம்மா?"

வெளியே காற்றில் ஓடுகள் பறந்துகொண்டிருந்தன. அவள் சொல்வது தவறானால், அத்தனை பேர் தலையிலும் இரும்பு இறங்கும். அவள் கூரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் சார், இருக்கட்டும். கணினியில நான் பார்த்த ஆட்டம்தான் இது."

அலை ஓடி அடங்கியது. கூரை நின்றது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளில் ஒன்றுகூட விழிக்கவில்லை.

அந்தக் குலுக்கலில் முடிச்சுகள் இன்னும் சற்று நகர்ந்திருந்தன. நோயில் விழும்வரை, அவற்றை மறுபடி அளந்து கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கணினிக் கூரையில் மேற்கு ஓர வரிசை மட்டும் இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறது.