ஒத்தைக்கண் பஸ்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் பலரும் அப்படித்தான். அதனால் ஒரு பொருளில் எது தனியாகத் தெரிகிறதோ, அதையே அதற்குப் பேராக்கிவிடுவோம். கோடையிலும் காயாத பாறை ஈரப்பாறை. பாய் டீக்கடையில் ஒரு கால் குட்டையாக இருந்தது நொண்டி பெஞ்சு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறுகிற பஸ்களில் எங்கள் லைனருகே நின்றவை இரண்டுதான். மேட்டில் இருமிக்கொண்டே வருவது இருமல் பஸ். ஒரு ஹெட்லைட் மட்டும் எரிவது ஒத்தைக்கண் பஸ். இந்தப் பேர்கள் இரண்டும் நான் வைத்தவை. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரும் அப்படித்தான் சொல்லுவார்.

அன்றைக்கு என் மகள் டாக்டரிடம் காட்டச் சேலம் போயிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிற மாசம். அதற்கு முந்தி ஒன்று தங்காமல் போயிருந்தது. மாப்பிள்ளை கூடப் போனார். கார்த்திகை மாசத்தில் எங்கள் பாதையில் மத்தியானமே மேகம் இறங்கிவிடும். அதனால் காலையில் அனுப்பும்போதே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"ஒத்தைக்கண்ணுல மட்டும் ஏறிடாத சாமி. இருமல்லயே வா. அது இருமுனாலும் ஊடு வந்து சேரும்."

பொழுது சாயும் முன்பே பாய் கடையில் போய்க் காத்திருந்தேன். கீழிருந்து ஏறி வந்த லாரி ஒன்று நின்றது. கிளீனர் டீ குடிக்க இறங்கினான். கீழே ஒரு வளைவில் ஏதோ பஸ் கட்டைச் சுவரில் மோதி, முன்பக்கம் பள்ளத்தைப் பார்த்து நிற்கிறது என்றான். எந்த பஸ் என்று பாய் கேட்டார்.

"பேரெல்லாம் பாக்கலீங்க பாய். ஒத்தை லைட்டுத்தான் எரிஞ்சுது."

எனக்கு மூச்சு வந்தது. அதில் இருந்தவர்களை நினைத்து உருகினேன் என்று சொன்னால் பொய். என் மகள் அதில் இல்லை, அவ்வளவுதான் மனசில் நின்றது. நான் வேண்டாம் என்று சொன்ன பஸ்தான் அது என்று பாயிடம் கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன்.

பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளீனரிடம் கேட்டார். இன்னொரு லைட் அணைந்திருந்ததா, உடைந்திருந்ததா?

"நொறுங்கிக் கெடக்குதுங்க. மோதுன பக்கமாச்சே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரில் மோதினால் எந்த பஸ்ஸும் ஒத்தைக்கண்தான். அவன் கண்ணால் கண்டதைச் சொன்னான். நான் அதைப் பேராக எடுத்துக்கொண்டேன். நொண்டி பெஞ்சில் உட்கார்ந்தேன், அது ஒரு பக்கம் சாய்ந்தது. பாய் ஓடி வந்து மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பாய்லர் கொதிப்பதுகூட இருமல் மாதிரிக் கேட்டது. அப்புறம் மேகத்துக்குள்ளே ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒன்றே ஒன்று. இருமல் இல்லாமல், சீராக மேடேறி வந்தது. ஒத்தைக்கண் பஸ் முழுசாக வருகிறதென்றால், சுவரில் மோதியது இருமல். அதில் மகளை ஏறச் சொன்னது நான்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மோதின பஸ்ஸில் இருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. முதலில் மாப்பிள்ளை இறங்கினார், நெற்றியில் ரத்தம் ஊறின துண்டு. அவள் எங்கே என்று கேட்டேன். உள்ளே கையைக் காட்டினார்.

மகள் முன் சீட்டில் இருந்தாள். மேலே ஒரு கீறல் இல்லை. அழவும் இல்லை. அதைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கி ஏறி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அம்மா, அப்ப இருந்து அசையவே இல்லம்மா."

வயிற்றில் கை வைத்தேன். அதிர்ந்தது. ஆனால் சீட்டும் அதிர்ந்தது, கம்பியும் அதிர்ந்தது, என் கையும் அதிர்ந்தது. எல்லாம் இஞ்சின்.

"ஏனுங்க, இஞ்சினை நிறுத்துங்க" என்றேன் டிரைவரிடம்.

"நிறுத்துனா மறுக்காப் புடிக்காதுங்கக்கா. தள்ளோணும்."

"தள்ளறோம். நிறுத்துங்க."

நிறுத்தினார். என் உள்ளங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை. மகள் வயிற்றைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தை அசைக்காமல் வைத்திருந்தேன். அந்த நேரம் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை.

பிறகு உள்ளேயிருந்து ஒரு குதிகால் மாதிரி ஏதோ என் கையை முட்டி, மெல்ல நகர்ந்தது. நான் சொல்வதற்கு முன்னால் மகள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

அவளை இறங்க விடவில்லை. அதே பஸ்ஸில் மேலே ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றேன். கடை முன்னால் பாதை கொஞ்சம் சமமாக இருந்தது. பாயும் கிளீனரும் ஆண்களோடு சேர்ந்து தள்ளினார்கள், நானும் இறங்கித் தள்ளினேன். இஞ்சின் பிடித்ததும் ஓடி ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே மேகம் சுவர் மாதிரி நின்றது. அந்த ஒற்றை வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரை வயிற்றிலிருந்து கையை நான் எடுக்கவில்லை.