கரண்ட் போன பிறகும் ஓடிய டேப்

ஸ்வர்ணலதாவிடம் இதைக் கேட்டால் இன்றைக்கும் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். நடந்தது 2001, ஆடி மாதம், ஆரணியில். அதுவும் பட்டப்பகலில்.

பட்டு வியாபாரி சக்கரவர்த்தியின் கடையில் சேலை டிசைன்களெல்லாம் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அதைப் பார்த்துக்கொண்டவன் அவள் புருஷன் சிவகுமார். போன மாதம்தான் மஞ்சள்காமாலையில் செத்துப்போனான். காரியம் முடிந்ததும் அவன் வேலையை இவளுக்கே கொடுத்தார் சக்கரவர்த்தி. அவளுக்கு அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. வந்து உட்கார்ந்தாள்.

“டிஸ்க்கு பூடும் போல இருக்குதும்மா. எல்லாத்தையும் டேப்புல ஏத்திடு. என்னா ஸ்பீடு வருதுன்னும் பாரு” என்றார் சக்கரவர்த்தி.

கம்ப்யூட்டரில் இருப்பதை நகல் எடுத்துவைக்கும் டேப் டிரைவில் கேசட்டைப் போட்டாள். நொடிக்கு அரை எம்.பி. கூடத் தேறவில்லை. கம்ப்யூட்டர் டிசைன்களை மெதுவாகத் தள்ளியது. அடுத்தது வரும்வரை டேப் நின்றது, பின்னால் போனது, மறுபடி ஓடியது. க்ரீச்... டக். க்ரீச்... டக்.

பாதிதான் ஏறியிருந்தது. கரண்ட் போய்விட்டது.

பக்கத்து பவர்லூம் அடங்கியது. ஃபேன் நின்றது. திரை இருண்டது.

டேப் நிற்கவில்லை.

ஸ்ஸ்ஸ்... ஒரே சீராக. யாரோ அள்ளி அள்ளிக் கொடுப்பதுபோல.

குனிந்து டிரைவின் பிளக்கைப் பிடுங்கினாள்.

ஓடியது...

பயம் வரவேண்டும். வரவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக்.

கேசட் தானாக வெளியே வந்தது. தொட்டாள். சுட்டது.

மீதி டிசைன்தான் ஏறியதென்றால்... கடிகாரக் கணக்கில் மூன்று மடங்கு வேகம்.

“முடிஞ்சிதாம்மா?” சக்கரவர்த்தி எட்டிப் பார்த்தார்.

“முடிஞ்சிதுங்க.”

அடுத்த வாரம் டிஸ்க் போயே போனது. கேசட்டையும் டிரைவையும் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போனாள். சிவகுமாருக்குப் பழக்கமான கம்ப்யூட்டர் மெக்கானிக் தங்கவேலு தன்னுடைய டிரைவில் கேசட்டைப் போட்டுப் பார்த்தார். ஒரு டிசைன்கூடக் குறையவில்லை. சக்கரவர்த்தியின் தீபாவளி வியாபாரம் தப்பியது.

“இந்த டிரைவு மட்டும் ஸ்பீடே இல்லீங்க. பாருங்க.”

தங்கவேலு மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“இதுலயாம்மா ஏத்தினே?”

“ஆமாங்க. போன வாரம்.”

“எப்டிம்மா? உங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசம் முன்னாடியே இதுல டேப் ஓட்ற மோட்டாரைக் கழட்டி எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரே. ரிப்பேர் பண்ணி வச்சிகினு கீறேன். ஆளு வரவே இல்ல...”

அலமாரியிலிருந்து மோட்டாரைச் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.